கலாம் வீட்டைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வாத்தியாரின் யோசனை

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். ஆலங்குளத்தில் கடை வைத்திருக்கிறான். சாயங்காலம் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுத் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுக்கிறான். காசு வாங்குவதில்லை. வருகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறவர்.

"சார், காலாண்டு லீவுல பிள்ளைகள ராமேஸ்வரம் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன். கலாம் ஐயா வீட்டப் பாக்கணும்னு ஒரே பிடிவாதம். பதினேழு பேரு, ஒரு வேன். நீங்க ஒரு பிளான் போட்டுத் தாங்க சார்."

சரி என்றேன். உட்கார்ந்து எழுதினால் நாலு வரியில் முடியவில்லை. இதே எண்ணத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே பதிகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. ஜனாதிபதியாக இருந்த ஒருவருடைய வீட்டை எதற்காகப் போய்ப் பார்க்க வேண்டும்?

நம் தமிழ் மண்ணோடு தொடர்புடைய ஜனாதிபதிகள் மூவர். திருத்தணிப் பகுதியில் 1888-ல் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன். பட்டுக்கோட்டைப் பக்கம் ராஜாமடத்தில் 1910-ல் பிறந்த ஆர்.வெங்கட்ராமன். ராமேஸ்வரத்தில் 1931-ல் பிறந்த ஆ.ப.ஜெ.அப்துல் கலாம். ராதாகிருஷ்ணன் 1967-ல் பதவி முடிந்ததும் மயிலாப்பூரில் இருந்த தன் 'கிரிஜா' இல்லத்துக்குத் திரும்பினார். அந்தச் சாலைதான் இன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை. நாடு முழுக்க ஆசிரியர் தினம் கொண்டாடுகிறோம். ஆனால் அந்தச் சாலையில் தினமும் போய்வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் வீடு அங்கே இருந்தது தெரியும்?

வடக்கே பீகாரில் ஜீராதேய் என்ற கிராமம். நம் முதல் ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத் பிறந்த வீடு அங்கே இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறை அதைப் பாதுகாக்கிறது. 1962-ல் பதவியை விட்டு இறங்கியவர் அரண்மனைபோல் ஒரு வீட்டுக்குப் போகவில்லை. பாட்னாவில் உள்ள சதாகத் ஆசிரமத்துக்குத் திரும்பினார். 1963 பிப்ரவரியில் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். ஒரு மனிதர் எங்கிருந்து வந்தார், கடைசியில் எங்கே திரும்பிப் போனார் என்பதை அந்த இரண்டு இடங்களும் சொல்லிவிடுகின்றன. பெரிய மனிதரின் வீட்டைப் பார்ப்பதில் இருக்கிற பயன் இதுதான்.

கலாமுக்கும் இரண்டு வீடுகள். 2007-ல் பதவி முடிந்தபின் அவர் டெல்லியில் இருந்தது ராஜாஜி மார்க் 10-ஆம் எண் வீட்டில். 2015 ஜூலை 27-ல் ஷில்லாங்கில் மாணவர்கள் முன் பேசிக்கொண்டிருக்கும்போதே சரிந்து மறைந்தார். அதன்பின் அந்த டெல்லி வீட்டை அறிவு மையமாகவோ அருங்காட்சியகமாகவோ ஆக்க வேண்டும் என்று பலர் கேட்டார்கள். நடக்கவில்லை. ஒரு மத்திய அமைச்சருக்கு ஒதுக்கினார்கள். பிறகு 2017-ல் பிரணாப் முகர்ஜி ஓய்வுபெற்றபோது அவருக்குக் கொடுத்தார்கள்.

இதில் கோபப்படுகிறவர்கள் உண்டு. எனக்கும் அன்றைக்கு வருத்தம்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால், கலாமே அரசாங்க வீட்டைத் தன் வீடாக நினைத்தவர் இல்லை. 2006-ல் அவருடைய சொந்தக்காரர்கள் 52 பேர் டெல்லிக்கு வந்து ராஷ்டிரபதி பவனில் தங்கினார்கள். அவர்கள் தங்கியதற்கும் சாப்பிட்டதற்கும் கணக்குப் போடச் சொல்லி, 3 லட்சத்து 52 ஆயிரம் ரூபாயைத் தன் கையிலிருந்து கட்டினார். அவருடைய செயலாளராக இருந்த பி.எம்.நாயர் இதை எழுதியிருக்கிறார். இத்தனைக்கும் பல நூறு அறைகள் உள்ள மாளிகை அது. அப்படிப்பட்டவருக்கு டெல்லியில் என்ன வீடு இருக்க முடியும்?

அவர் வீடு ராமேஸ்வரத்தில், பள்ளிவாசல் தெருவில் இருக்கிறது. அரசாங்கம் நடத்தும் நினைவில்லம் அல்ல, குடும்பத்தார் வைத்திருப்பது. கீழே அவர்கள் குடியிருக்கிறார்கள். மாடியில் கலாமின் படங்கள், விருதுகள், பட்டங்கள், அவர் பயன்படுத்திய பொருட்கள் எல்லாம் காட்சிக்கு இருக்கின்றன. அதனால் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது: நீங்கள் போவது ஒரு குடும்பம் வாழ்கிற வீட்டுக்கு. வாசலில் சத்தம் போடாதீர்கள். படிக்கட்டில் இடித்துத் தள்ளாதீர்கள்.

இரண்டாவது, பழைய வீடு அப்படியே இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். 'அக்னிச் சிறகுகள்' புத்தகத்தில் கலாம் தன் வீட்டைப் பற்றிச் சொல்கிறார்: பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கட்டியது, சுண்ணாம்புக் கல்லும் செங்கலும் வைத்துக் கட்டிய ஓரளவு பெரிய வீடு. இன்று நீங்கள் பார்ப்பது புதுப்பித்துக் கட்டிய மாடிக் கட்டிடம். "இந்தத் திண்ணையில்தான் உட்கார்ந்தாரா, இந்த ஜன்னல் வழியாகத்தான் பார்த்தாரா" என்று தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

பலர் அங்கே போய் மாடி ஏறி, அரை மணி நேரத்தில் இறங்கி, வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். விருதுகளைப் பார்த்த பிள்ளை என்ன நினைக்கும்? "பெரிய ஆளு" என்று நினைக்கும். அதை அது ஊரிலிருந்தே நினைத்துக்கொண்டுதானே வந்தது?

நான் அவனுக்குச் சொன்னது இதுதான்: அந்தத் தெருவையும் சேர்த்து வீடாக எடுத்துக்கொள். ஒரு பகல் முழுக்க அந்தத் தெருவுக்குக் கொடு.

பள்ளிவாசல் தெருவில் நின்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டிய கதைகள் நிறைய இருக்கின்றன. கலாமின் தகப்பனார் ஜைனுலாப்தீன் விடியும் முன் நாலு மணிக்கு எழுந்து தொழுதுவிட்டு, நாலு மைல் நடந்து தென்னந்தோப்புக்குப் போவார். பத்துப் பன்னிரண்டு தேங்காயைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே திரும்புவார். அறுபது வயது தாண்டியும் இந்த நடையை விடவில்லை. அவர் பள்ளிவாசலில் தொழுகை நடத்தியவர், படகு வைத்திருந்தவர். சீதாராமர் திருக்கல்யாண உற்சவத்தின்போது கோயிலிலிருந்து சாமியை ராம தீர்த்தத்தின் நடுவே உள்ள மண்டபத்துக்குக் கொண்டுபோகப் படகு கட்டிக் கொடுத்தது இந்தக் குடும்பம்தான். ராமநாத சுவாமி கோயில் அந்த வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. பிள்ளைகளை அந்தத் தூரத்தை நடந்தே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு நடக்கட்டும்.

1939-ல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது கலாமுக்கு எட்டு வயது. திடீரென்று புளியங்கொட்டைக்குக் கிராக்கி வந்தது. பொறுக்கிக்கொண்டுபோய்ப் பள்ளிவாசல் தெரு மளிகைக் கடையில் போட்டால் ஒரு நாளைக்கு ஓரணா கிடைத்தது. பிறகு போர் காரணமாக ராமேஸ்வரம் ஸ்டேஷனில் ரயில் நிற்பதை ரத்து செய்தார்கள். பத்திரிகைக் கட்டுகளை ஓடுகிற ரயிலிலிருந்து வெளியே எறிவார்கள். அங்கே பத்திரிகை ஏஜென்ட்டாக இருந்தவர் கலாமின் ஒன்றுவிட்ட அண்ணன் சம்சுதீன். விழுகிற கட்டுகளைப் பிடிக்க அவருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. கலாம் சம்பாதித்த முதல் சம்பளம் அது. அம்மா பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. தட்டையும் இலையையும் எடுத்துக்கொடுத்து வளர்ந்த பிள்ளைக்கு இது தானாகப் புரியும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

கலாம் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது புதிதாக ஓர் ஆசிரியர் வந்தார். கலாம் தலையில் தொப்பியோடு முன் பெஞ்சில் உட்காருவார். பக்கத்தில் உட்காருவது ராமநாத சாஸ்திரி, பூணூல் போட்ட பையன், கோயில் தலைமைக் குருக்கள் பட்சி லட்சுமண சாஸ்திரியின் மகன். இதைப் புது ஆசிரியரால் பொறுக்க முடியவில்லை. கலாமைக் கடைசி பெஞ்சுக்குப் போகச் சொன்னார். கலாம் எழுந்து போனார். ராமநாதன் அழுதான்.

இரண்டு பையன்களும் வீட்டில் சொன்னார்கள். லட்சுமண சாஸ்திரி அந்த ஆசிரியரைக் கூப்பிட்டனுப்பி, பிள்ளைகள் முன்னாலேயே கண்டித்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் பள்ளியையும் தீவையும் விட்டுப் போய்விட வேண்டும் என்று கறாராகச் சொன்னார். ஆசிரியர் வருந்தினார், மாறினார் என்று கலாம் எழுதுகிறார்.

இன்னொரு ஆசிரியர் அறிவியல் சொல்லிக்கொடுத்த சிவசுப்பிரமணிய ஐயர். பறவை எப்படிப் பறக்கிறது என்று காட்டப் பிள்ளைகளைக் கடற்கரைக்கே கூட்டிப்போனவர். ஒருநாள் கலாமைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அவர் மனைவி மிகுந்த ஆசாரம் பார்ப்பவர். தன் சமையலறையில் ஒரு முஸ்லிம் பையனுக்குப் பரிமாற மறுத்துவிட்டார். ஐயர் மனைவியைத் திட்டவில்லை. தானே பரிமாறி, பையன் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். கிளம்பும்போது அடுத்த வாரமும் வரச் சொன்னார். கலாம் தயங்கினார். ஐயர் விடவில்லை. அடுத்த வாரம் போனபோது அந்த அம்மாவே கலாமைச் சமையலறைக்குள் அழைத்துப்போய்த் தன் கையால் பரிமாறினார்.

அந்தச் சமையலறையை எந்தக் காட்சிக்கூடத்திலும் பார்க்க முடியாது. அந்தக் கடைசி பெஞ்சையும் பார்க்க முடியாது. ஆனால் ஏவுகணைப் படத்தைவிடவும் விருதுப் பட்டயங்களைவிடவும் நம் பக்கத்துப் பிள்ளைகள் தெரிந்துகொண்டு திரும்ப வேண்டியவை இந்த இரண்டும்தான்.

ஏன் "நம் பக்கத்து" என்று சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். நெல்லை, தென்காசிப் பக்கம் பள்ளிப் பிள்ளைகள் கையில் கலர் கலராகக் கயிறு கட்டியிருப்பதைப் பார்க்காத ஆசிரியர் யார்? எந்தக் கலர் எந்தச் சாதி என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனும் அவன் தங்கையும் தங்கள் வீட்டிலேயே வெட்டப்பட்டார்கள். பிடிபட்டவர்களில் அதே பள்ளியில் படித்த மாணவர்களும் இருந்தார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கலர்க் கயிறு, மோதிரம் போன்ற சாதி அடையாளங்களைப் பள்ளியில் தடை செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

கயிற்றை அறுப்பது சுலபம். பெஞ்சு?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊர் பேர் வேண்டாம், இரண்டு பையன்கள் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். நல்ல சிநேகிதம். ஒருநாள் ஒருவனுடைய தகப்பனார் வந்து, "சார், அவன்கூட எம் பையன உக்கார வைக்காதீங்க" என்றார். காரணத்தை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும். ஊரில் பிரச்சினை வேண்டாம் என்று, மறுநாள் உயரத்தைக் காரணம் காட்டி மற்றப் பையனைப் பின்னால் மாற்றினேன். அவன் ஒன்றும் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு போனான். 'அக்னிச் சிறகுகள்' 1999-ல் வந்தது. அந்தப் பெஞ்சுக் கதையைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் கதையில் வருகிற புது ஆசிரியர் நான்தான். எங்கள் ஊரில் என்னைக் கூப்பிட்டுக் கண்டிக்க ஒரு லட்சுமண சாஸ்திரி இல்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் சொல்கிறேன், பெரியவர்களின் வீடுகளைப் பார்க்கும்போது அங்கே காட்டுவதை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். காட்டாததையும் கேளுங்கள். அமெரிக்காவில் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனின் வீடு மவுண்ட் வெர்னான். அவர் 1799-ல் இறந்தபின் பராமரிக்க முடியாமல் பாழாகிக்கொண்டிருந்தது. ஆன் பமீலா கன்னிங்காம் என்ற பெண்மணி 1853-ல் ஒரு சங்கம் தொடங்கி, நாடு முழுக்கப் பெண்களைத் திரட்டி நன்கொடை சேர்த்தார். 1858-ல் 2 லட்சம் டாலருக்கு அந்தச் சங்கம் வீட்டை விலை பேசி வாங்கியது. இன்றுவரை அந்தப் பெண்கள் சங்கம்தான் அதை நடத்துகிறது. வெகுகாலம் அந்த வீடு வாஷிங்டனின் பெருமையை மட்டும்தான் பேசியது. அவர் இறந்தபோது அந்தப் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தார்கள். இன்று அங்கே போகிறவர்களுக்கு அந்த அடிமைகள் தங்கிய இடத்தையும் காட்டுகிறார்கள், அவர்கள் வாழ்க்கையையும் சொல்கிறார்கள். அதனால் வாஷிங்டனின் பெயர் கெட்டுப்போய்விடவில்லை. வீட்டின் கதைதான் முழுமையானது.

நம் கதையில் குடும்பத்தாரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தங்கள் வீட்டு மாடியையே ஊருக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். மீதியைச் சொல்ல வேண்டியது கூட்டிக்கொண்டு போகிற நாம்.

இனி பிளான்.

தூரம்: ஆலங்குளத்திலிருந்து திருநெல்வேலி, தூத்துக்குடி, வேம்பார், சாயல்குடி, கீழக்கரை வழியாக ராமநாதபுரம், அங்கிருந்து ராமேஸ்வரம். ஏறக்குறைய 250 கிலோமீட்டர். வேனில் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினால்தான் வெயிலுக்கு முன் சேரலாம். ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்காதீர்கள். டிரைவரும் மனுஷன்தான். ஓர் இரவு தங்குங்கள்.

நாள்: ஜூலை 27 நினைவு நாள், அக்டோபர் 15 பிறந்த நாள். இந்த இரண்டு நாளும் கூட்டம் அதிகம். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் ஊரே கொள்ளாது. வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ தொழுகை நேரத்தில் பள்ளிவாசல் தெருவில் கூட்டமாகப் போய் நிற்காதீர்கள். காட்சிக்கூடம் திறந்திருக்கும் நேரத்தைக் கிளம்புவதற்கு முதல் நாள் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வழியில்: ராமநாதபுரத்தில் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியை வெளியே நின்று காட்டுங்கள். கலாம் வீட்டை விட்டுப் போய்ப் படித்த முதல் ஊர் அது. ஆசை, நம்பிக்கை, எதிர்பார்ப்பு என்ற மூன்றையும் அவருக்குக் கற்றுக்கொடுத்த ஐயாதுரை சாலமன் அங்கே ஆசிரியர். பாம்பன் ரோட்டுப் பாலத்திலிருந்து, 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தைப் பார்க்கலாம். பாலத்தில் வண்டியை நிறுத்த வேண்டாம், மெதுவாகப் போனால் போதும்.

வரிசை: இதுதான் முக்கியம். பாம்பன் தாண்டி ஊருக்குள் போகும் வழியிலேயே பேக்கரும்பு வந்துவிடும். 2015 ஜூலை 30-ல் கலாமை அடக்கம் செய்த இடம். 2017 ஜூலை 27-ல் திறந்த தேசிய நினைவகம் அங்கே இருக்கிறது. வேன்கள் எல்லாம் முதலில் அங்கேதான் நிற்கும். நீங்கள் நிறுத்தாதீர்கள். நேராக ஊருக்குள் போங்கள். பிறந்த தெரு, பள்ளிவாசல், அங்கிருந்து நடந்து கோயில், ராம தீர்த்தம், ரயில் நிலையம் என்று முதல் நாள் முடியட்டும். மறுநாள் காலையில் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயல் ஓர் இரவில் அழித்த ஊர் அது. கலாம் காலத்துப் பத்திரிகை ரயில் போன தடத்தின் மிச்சத்தை அங்கே பார்க்கலாம். ஊருக்குத் திரும்பும் வழியில், கடைசியாகப் பேக்கரும்பு. ஒரு வாழ்க்கையை அது நடந்த வரிசையிலேயே பார்த்தால், கல்லறை முன் நிற்கும்போது பிள்ளைக்கு அது யாரோ ஒரு தலைவர் சமாதியாகத் தெரியாது.

வீட்டுப்பாடம்: கிளம்புவதற்கு முன் 'அக்னிச் சிறகுகள்' முதல் இரண்டு அத்தியாயங்களை எல்லோரும் வாசித்திருக்க வேண்டும். ஒரு பிரதி இருந்தால் போதும், சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். திரும்பி வந்ததும் "கலாமைப் போல ஆவேன்" என்று கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். "ராமநாத சாஸ்திரி இடத்தில் நீ இருந்திருந்தால் வீட்டில் போய் என்ன சொல்லியிருப்பாய்?" என்று ஒரு கேள்வி மட்டும் கொடுங்கள்.

வேனில் யார் பக்கத்தில் யார் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். போகும்போது ஒரு சீட்டு, வரும்போது ஒரு சீட்டு. தகப்பனார் யாராவது கேட்டால், சார் சொன்னார் என்று என் பெயரைச் சொல்லட்டும் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

நானும் வாரேன் என்றேன். "சார், உங்களுக்கும் சீட்டு உண்டு" என்கிறான். சரியென்று சொல்லியிருக்கிறேன்.

ராமேஸ்வரம் போய்வந்தவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுகிறோம்.